குன்றக்குடி அடிவாரத்தில் உதவிய தங்கைக்கு

கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை, குன்றக்குடி மலையடிவாரப் பூக்கடை அருகே எங்களைப் பெற்ற அப்பச்சி சரிந்து விழுந்தார்கள். வலிப்பென்று நினைத்து யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். நான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள்தான் கூட்டத்தை விலக்கி வந்தீர்கள். "மூச்சு இருக்கிறதே" என்றேன். "அக்கா, அது மூச்சு இல்லை, இதயம் நின்றபின் வரும் திணறல். 108-ஐ அழையுங்கள்" என்றீர்கள். நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முறைக்குக் குறையாமல், 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தினீர்கள். கை சோர்ந்ததும் பூக்காரர் மகனுக்குச் சொல்லிக்கொடுத்து மாறி மாறி அழுத்தினீர்கள்.

இதயத்தின் கீழறைகள் துடிக்காமல் தாறுமாறாக நடுங்கினவாம். மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கினார்கள். அதுவரை மூளைக்கு ரத்தம் போனது உங்கள் கைகளால்தான். இப்போது தோளுக்குக் கீழே ஐசிடி கருவி இருக்கிறது. தாளம் மீண்டும் தப்பினால் அதுவே அதிர்ச்சி கொடுக்கும். இந்தக் கோளாறு குடும்ப வழியாகவும் வரலாமாம். தம்பி இருமுறை மயங்கியதை வெயில் என்று விட்டிருந்தோம், எவ்வளவு பெரிய தவறு! பிள்ளைகள் எல்லோரும் இசிஜி எடுத்துவிட்டோம்.

பெயர்கூடக் கேட்கவில்லை, தங்கையே. ஆத்தா சுட்ட சீப்புச்சீடையில் உங்கள் பங்கு தனியாக இருக்கிறது. காரைக்குடிக்கு வாருங்கள்.