பருப்புப் பொடியோடு வரும் கடிதம்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. உன் சீனியர் பையன் ஞாயிற்றுக்கிழமை ஆர்மீனியாவுக்கு, உன் யெரெவானுக்குத் திரும்புகிறானாம். பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறோம். ஊறுகாய் பாட்டிலை அம்மா மூன்று கவரில் சுற்றியிருக்கிறாள். புத்தகத்தின் மேல் வைத்துப் பிரிக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

மூன்று வாரமாக நான் அனுப்பும் செய்திக்கெல்லாம் இரண்டு நீலக் கோடு விழுகிறது. பரீட்சை நேரம், புரிகிறது. அம்மாவுக்கு மட்டும் பதில் போடுகிறாய், அதுவும் புரிகிறது. மாடி வீட்டுக்காரரிடம் நேற்றுகூட உன் பேச்சுதான். நம் வம்சத்தில் முதல் டாக்டர்! கல்விக் கடன் என் பாடு, நீ நினைக்கவே வேண்டாம். ஆனால் அப்பனுக்கு ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சரி, விடு. சாப்பிட்டுவிட்டுப் படி.

போன வாரம் பென்ஷன் வேலையாகப் பாரிமுனை போனேன். அரண்மனைக்காரன் தெருவில் வெயிலுக்கு ஒதுங்கியவன், ஆர்மீனியர் சர்ச்சுக்குள் நுழைந்துவிட்டேன். அந்தத் தெருவில் 22 வருஷம் வேலை பார்த்தவன், முதல் முறையாக. இரண்டாம் வகுப்பில் 'அரண்மனை எங்கேப்பா?' என்று நீ கேட்டாய். இடித்துவிட்டார்கள் என்றேன். அரண்மனையே கிடையாது, கயல். ஆர்மீனியன் தெருதான் நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. 1772இல் கட்டிய சர்ச். நடக்கிற இடமெல்லாம் கல்லறைக் கல். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன், பாதம் பொரிந்தது. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794இல் நம் சென்னையில்தான் அச்சானதாம். கல்லில் ஓர் எழுத்தும் எனக்குப் புரியவில்லை. உனக்கு இப்போது படிக்கத் தெரியுமே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1915 ஏப்ரல் 24 இரவு, ஒட்டோமான் துருக்கியின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) கவிஞர்கள், பத்திரிகைக்காரர்கள், டாக்டர்கள் என்று 200க்கும் மேற்பட்ட ஆர்மீனியர்களை வீட்டிலிருந்தே பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். டாக்டர்களையும். பிறகு ஊர் ஊராக ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவிட்டார்கள். 15 லட்சம் பேர் வரை செத்தார்கள் என்கிறார்கள். ஒட்டோமான் அரசாங்கம் அதற்கு இடமாற்றம் என்று பெயர் வைத்து, மே மாதம் சட்டமும் போட்டது. இடமாற்றல் உத்தரவுகளை டைப் அடித்தே காலம் தள்ளியவன் நான். காகிதத்தில் அது எவ்வளவு சாதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இனப்படுகொலை என்பதைத் துருக்கி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. 1965இல், ஐம்பது வருஷம் கழித்து, யெரெவான் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். அதற்குப் பிறகுதான், 1967இல், நீ ஏறிப் போன குன்றில் அந்த நினைவிடம் எழுந்தது.

இதையெல்லாம் உனக்கே எழுதுகிறேன் பார். நீ அங்கே நின்றுகொண்டுதான் அன்றைக்கு என்னைக் கூப்பிட்டாய்.

வீட்டுக்காரப் பாட்டியோடு போயிருந்தாய். அவருடைய அம்மா ஏழு வயதில் வான் நகரத்திலிருந்து நடந்தே வந்தவள் என்றாய். வழியில் தம்பி செத்துப்போனான். சாகும்வரை அவளுக்கு அவன் பெயர் மட்டும் ஞாபகம் வரவில்லை. அதனால் பாட்டி ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி நினைவிடத்தில் எரியும் நெருப்பைச் சுற்றிப் பூ வைத்துவிட்டு, கடைசிப் பூவை ஒன்றும் சொல்லாமல் வைத்தார் என்றாய். அதைச் சொல்லும்போது உனக்குக் குரல் கம்மிவிட்டது.

நான் என்ன சொன்னேன்? "என்றைக்கோ செத்தவர்களுக்காக நீ கூட்டத்தில் நின்றால் அனாடமியை யார் படிப்பது? நமக்கென்ன வந்தது?" என்றேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக்கூட நான் குறைக்கவில்லை. உனக்கு அது கேட்டிருக்கும்.

அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லியிருக்க மாட்டாய் என்று தெரியும்.

பையின் அடியில் காரம் குறைத்து இடித்த பொடி ஒரு பொட்டலம் தனியாக இருக்கிறது. அது பாட்டிக்கு. சூடான சோற்றில் வெண்ணெய் விட்டுப் பிசைந்து காட்டு. பொட்டலத்தின் மேல் அவர் பெயரை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய், நான்தான் காதில் வாங்கவில்லை. அவர் பெயர் என்னம்மா?

அப்பா