பஜ்ஜித் தட்டுக்கு அப்பால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கதையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அம்மாவாகப் படித்தேன், கண் கலங்கியது. இரண்டாம் முறை வாசகியாகப் படித்தபோது கொஞ்சம் கோபம் வந்தது. பஜ்ஜி, சொஜ்ஜி, தலைகுனிந்த பெண், நகைக் கணக்குப் போடும் மாமியார். வாரப் பத்திரிகைகளில் இவர்களை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! பொய் என்று சொல்லவில்லை. ஆனால் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் உன் கதையில் அந்தப் பெண்ணும் அவனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையே, கவனித்தாயா?

வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ சிறுகதை 1915இல் வந்தது. அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி முறிந்ததில், கல்யாணமான இளம்பெண் ருக்மிணியின் அப்பா பணத்தை இழக்கிறார். சம்பந்தி வீட்டாரின் முகம் மாறுகிறது, பையனுக்கு வேறு பெண் தேடுகிறார்கள். இதுவரை உன் கதைதான். ஆனால் அந்தப் பையன் நாகராஜன் கெட்டவன் இல்லை. கடைசி நேரத்தில் மறுத்துவிடப் போவதாக நண்பனிடம் சொல்கிறான். ருக்மிணியிடம் மட்டும் உடைத்துச் சொல்லவில்லை. அவள் குளத்தில் விழுந்துவிடுகிறாள். பெரியவர்களின் பணத்தாசையைப் பற்றிய கதை என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். இப்போது படித்தால், கட்டிய மனைவியிடம் விஷயத்தைச் சொல்ல வாய் வராத பையனின் கதையாகத் தெரிகிறது. கதை சொல்வதே அந்த அரசமரம்தான். மரத்துக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் போயிற்று, பார்.

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ இன்னொரு தினுசு. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவி, பட்டணத்தில் ஒண்டிக் குடித்தனம். கதை தொடங்கும்போதே அவள் இறந்துவிடுகிறாள். அவர் அலறவில்லை, வெந்நீர் போட்டு உடலைக் குளிப்பாட்டுகிறார். அது அன்பா, பழக்கமா, களைப்பா? புதுமைப்பித்தன் வாயே திறக்கவில்லை. நீயோ கடைசிப் பத்தியில் சமுதாயத்தைக் கூண்டில் ஏற்றிவிட்டாய்.

சரி, என் கதையைக் கேள். பெண் பார்க்க வந்த அன்று காலையில் அப்பளம் பொரிக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டேன். துணி சுற்றியிருந்ததால் காபித் தட்டை அத்தைதான் எடுத்துப் போனார். ஒரு வாரம் கழித்து உன் அப்பா வீட்டுப் பெரியம்மா ஒருவர், ‘கோயிலுக்கு வந்தேன்’ என்று எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, பூ கொடுக்கிற சாக்கில் என் விரல்களை எண்ணிவிட்டுப் போனார். அப்போது அவமானமாக இருந்தது. பிறகு என் முதல் பிரசவத்துக்கு, அதாவது உனக்கு, ராத்திரியெல்லாம் விழித்து என் காலைப் பிடித்துவிட்டவரும் அதே பெரியம்மாதான். இந்த மனுஷியை எந்தப் பக்கம் நிறுத்துவாய்? எனக்கு இன்னும் தெரியவில்லை.

உன் கதையில் வரும் மாமியாருக்குப் பெயர்கூட இல்லை. முதலில் அவருக்கு ஒரு பெயர் வை. அவர் மருமகளாக வந்த அன்று என்ன நடந்தது என்று நாலு வரி எழுதிப் பார். பிடிக்காவிட்டால் அடித்துவிடு.

அப்பாவும் படித்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: “இத்தனை பக்கத்தில் அந்தப் பையன் பஜ்ஜி சாப்பிட்டானா, இல்லையா?”

அன்புடன்,
அம்மா