பாப்பா மடத்துக்குப் போகிறாளாமே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. கடிதமா அது? ஒப்பாரி. "அவளுக்கு நீயாவது புத்தி சொல்" என்று முதல் வரியிலேயே ஆரம்பித்திருக்கிறாய். இங்கே எல்லோரும் சுகம். என் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

பாப்பா டாக்டருக்குப் படித்து முடித்த கையோடு கன்னியர் மடத்தில் சேரப் போகிறாள், தங்கச்சி சரியாகச் சாப்பிடுவதில்லை, நீ நம் கணக்கு வாத்தியார் முன்னால் நின்ற அதே முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாய். எல்லாம் புரிகிறது. ஆனால் தப்பான ஆளிடம் வந்துவிட்டாய். கொஞ்ச நாளாக நான் ரூத் ஃபாவ் என்ற அம்மாவைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவரும் டாக்டர், அவரும் கன்னியர். கராச்சியில் தொழுநோயாளிகளோடு ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர்.

1929இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர். போரில் குண்டு விழுந்து வீடு போயிற்று. பிறகு எல்லை தாண்டி மேற்கு ஜெர்மனிக்கு வந்து மருத்துவம் படித்தார். கத்தோலிக்கரானதே 1953இல்தான். 1957இல் மரியாளின் இருதயப் புதல்வியர் சபையில் சேர்ந்தார். பாப்பாவைத் துறவு உடுப்பில் பார்க்க முடியாது என்று தங்கச்சி அழுகிறாளாமே, அவளிடம் இதைச் சொல்: இந்தச் சபையில் துறவு உடுப்பே கிடையாது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மறைவாகத் தொடங்கிய சபை அது. ரூத் அம்மா பாகிஸ்தானில் சல்வார் கமீஸும் துப்பட்டாவுமாகவே நடமாடினார்.

சபை 1960இல் அவரை அனுப்பியது இந்தியாவுக்கு. விசா சிக்கலில் கராச்சியில் மாட்டிக்கொண்டார். காத்திருந்த நாட்களில் ஒருநாள் மெக்லியோட் சாலைப் பக்கம் இருந்த தொழுநோயாளிகள் குடியிருப்புக்குப் போனார். அவர் வயதையொத்த ஒருவர் கையையும் காலையும் தரையில் ஊன்றித் தவழ்ந்து வந்தாராம். ரூத்தை உலுக்கியது அந்தக் கோலம் மட்டுமல்ல. தவழ்வதுதான் தன் வாழ்க்கை என்பதுபோல அந்த மனிதர் அதற்குப் பழகியிருந்தார், அதுதான்.

அங்கே எலிகள் நோயாளிகளின் விரல்களைக் கடிக்கும். அவர்களுக்குத் தெரியாது. தொழுநோய்க் கிருமி நரம்பைத் தின்கிறது, உணர்ச்சி போய்விடுகிறது. சுட்டாலும் வெட்டினாலும் வலிக்காது, புண் புரையோடி விரல் போகும். வலி இல்லாததுதான் அந்த நோயின் கொடுமை. படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம்மைப் போன்றவர்கள் உச்சுக் கொட்டிவிட்டுத் திரும்பியிருப்போம். ரூத் அம்மா என்ன செய்தார் தெரியுமா? 1961இல் வேலூருக்கு வந்து தொழுநோய் சிகிச்சையில் பயிற்சி எடுத்துக்கொண்டார். ஆமாம், நம்ம வேலூர்தான். பிறகு கராச்சிக்கே திரும்பினார். சேரியில் ஒரு குடிசையில் நடந்துவந்த மருந்தகம் 1963இல் ஊருக்குள் மேரி அடிலெய்ட் தொழுநோய் மையமாக ஆனது. நோயாளிகளைத் தேடி மலைகளுக்கும் பலுசிஸ்தான் பக்கமும் போனார். உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நாடு முழுக்க 157 மையங்களை உருவாக்கினார். 1968இல் அரசே தொழுநோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கும்படி செய்தார். தொழுநோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று 1996இல் பாகிஸ்தானுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தபோது, ஆசியாவில் அந்த நிலையை முதலில் எட்டிய நாடுகளில் அதுவும் ஒன்று.

இதையெல்லாம் கருணை மட்டும் செய்துவிடாது, மாப்ளே. பதிவேடு வேண்டும், மருந்து தீராமல் பார்க்க வேண்டும், அமைச்சர் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டும், பாதியில் மருந்தை நிறுத்தியவன் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும். அன்னை, புனிதர் என்று மாலை போட்டே இந்த உழைப்பை மறைத்துவிடுகிறோம் என்று எனக்குக் கோபம்கூட வருகிறது.

"வயசானால் அவளை யார் பார்ப்பார்கள்" என்று கேட்டிருக்கிறாய். ரூத் அம்மா 2017 ஆகஸ்டில் இறந்தபோது பாகிஸ்தான் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது. பெட்டியின் மேல் தேசியக் கொடி, ஜனாதிபதியே வந்திருந்தார். அதைக் காட்டி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆயிரம் சிஸ்டர்கள் யாருக்கும் பெயர் தெரியாமலே போய்ச் சேருகிறார்கள், பாப்பாவும் அப்படிப் போகலாம். அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், உனக்கும்தான்.

என் கவலை வேறு. அவள் எதைப் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வந்தாள் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்களா? உன் கடிதத்தில் நீ கத்தியது இருக்கிறது, தங்கச்சி அழுதது இருக்கிறது, அவள் சொன்னது ஒரு வரிகூட இல்லை. ஏதோ ஒரு வார்டில் எதையோ பார்த்திருக்கிறாள் என்று என் மனசு சொல்கிறது. அல்லது வெறும் அலுப்பாகவும் இருக்கலாம். அலுப்பு என்றால் நானே தடுப்பேன்.

அப்புறம், நாளைக்கே அவளைக் கொண்டுபோய்ப் பூட்டிவைத்துவிடுவார்கள் என்று நினைக்காதே. புதிதாகச் சேர்கிறவர்களுக்கான நவகன்னியர் பயிற்சியே குறைந்தது ஒரு வருஷம். அதற்குப் பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கிற துறவு வாக்கு, குறைந்தது மூன்று வருஷம். ஆயுளுக்கும் கட்டுப்படுகிற நித்திய வார்த்தைப்பாடு அதற்கும் பிறகுதான். அதுவரை அவளும் வேண்டாம் என்று வரலாம், சபையும் போய்வா என்று அனுப்பலாம். நீ பெண் பார்த்த அன்றே கல்யாணத் தேதி குறித்தவன், உனக்கு இந்த நிதானம் புரியாது.

அடுத்த மாதம் வருகிறேன். நான் பேசும்போது நீ அந்த அறையில் இருக்கக் கூடாது, கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கவும் கூடாது. அதுவரை அவளோடு பேசாமல் இருக்கிற வீம்பை நிறுத்து. தங்கச்சியைச் சாப்பிடச் சொல்.

உன்
கடைசி பெஞ்சுக்காரன்