சும்மா கவர் பாட்டுதான்ப்பா

அன்புள்ள கதிர்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் மூட்டு வலி இப்போது பரவாயில்லை.

உங்கள் இசைக்குழுவைப் பற்றிக் கேட்டதற்கு, "சும்மா கவர் பாட்டுதான்ப்பா, சொந்தச் சரக்கு ஒன்றும் இல்லை" என்று பேச்சை மாற்றிவிட்டாய். பர்மிங்காமில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லலாமா? 'ரெட் ரெட் வைன்' பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோன யூபி40 குழுவினர் உங்கள் ஊர்க்காரர்கள். வேலையில்லாதவர்கள் உதவித்தொகை வாங்கும் படிவத்தின் எண்தான் அவர்களுக்குப் பெயர். 1978ல் குழு சேர்ந்தபோது அந்தப் பெயர் அவர்களுக்கு நன்றாகவே பொருந்தியது. 1980ல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையிலும் அந்தப் படிவத்தையே போட்டார்கள்.

அவர்களிடம் சொந்தப் பாட்டு இல்லாமல் இல்லை. இருந்தும் 1983ல் 'லேபர் ஆஃப் லவ்' என்று ஒரு ஆல்பம் முழுக்க, சிறுவயதில் கேட்டு மயங்கிய, ஜமைக்காவின் ரெகே பாணிப் பாட்டுகளாகவே எடுத்துப் பாடினார்கள். அதில் ஒன்றுதான் 'ரெட் ரெட் வைன்'. அந்த வருஷம் செப்டம்பரில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போய் மூன்று வாரம் அங்கேயே இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அது ஜமைக்காவில் பிறந்த பாட்டே இல்லை. நியூயார்க்காரரான நீல் டைமண்ட் 1967ல் எழுதிப் பாடியது. யூபி40 ஆட்களுக்கு அது தெரியாது. இசைத்தட்டில் 'என். டைமண்ட்' என்று பார்த்துவிட்டு, யாரோ நெகஸ் டைமண்ட் என்ற ஜமைக்காக்காரர் போலிருக்கிறது என்று நினைத்தார்களாம். பின்னாளில் அவர்களே சிரித்துக்கொண்டு சொன்னது இது.

டைமண்டின் பாட்டைக் கேட்டுப் பார். ஒருத்தியை மறக்க முடியாமல் குடிக்கிறவன் தனியே உட்கார்ந்து புலம்புவதுபோல மெதுவாக நகரும். அவர் தன் இசைத்தட்டுக் கம்பெனியை விட்டு விலகிய பிறகு, கம்பெனிக்காரர்கள் அவரைக் கேட்காமலே கோரஸ் சேர்த்து 1968ல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 62ஆம் இடத்தோடு நின்றுபோனது. அதே வருஷம் ஜிம்மி ஜேம்ஸ் பாடியது பிரிட்டனில் 36 வரை வந்தது.

அப்புறம் 1969ல் டோனி ட்ரைப் என்ற ஜமைக்கா பாடகர் வருகிறார். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகன் அவர்தான். புலம்பலைத் தூக்கி ரெகே தாளத்தில் போட்டார். கையால் தாளம் போட்டுக்கொண்டே கேள்: கிடாரின் வெட்டு உன் தட்டில் விழாது, இரண்டு தட்டுக்கு நடுவே விழும். வார்த்தை அழுகிறது, கால் ஆடுகிறது. பிரிட்டன் பட்டியலில் 46ஆம் இடம்தான் கிடைத்தது. ஆனால் யூபி40 பையன்கள் கேட்டு வளர்ந்தது இவர் குரலைத்தான். அவர்கள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள், பேஸ் கிடாரை முன்னால் கொண்டுவந்தார்கள், அவர்கள் பாடகர் அலி கேம்ப்பெல்லின் மூக்கோடு இழையும் குரல் மீதியைப் பார்த்துக்கொண்டது. பாட்டின் திசையை மாற்றியது ட்ரைப். இன்றைக்கு அவர் பெயர் யாருக்குத் தெரிகிறது? எனக்கு இதில் வருத்தம் உண்டு.

டைமண்டுக்குக் குறை ஒன்றும் இல்லை. எழுதியவர் என்று பெயர் இருந்தது, அதற்கான பணமும் வந்தது. அதற்கும் மேலே, தன் கச்சேரிகளிலேயே யூபி40 பாணியில் அதைப் பாட ஆரம்பித்துவிட்டார்! எடுத்துப் பாடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா, சொல்.

அதனால் கவர் பாடுவதற்குக் கூச்சப்படாதே. மேடையில் பாட்டைத் தொடங்குமுன் எழுதியவர் பெயரைச் சொல். யாருடைய பாணியில் வாசிக்கிறீர்களோ அவர் பெயரையும் சேர்த்துச் சொல். இரண்டு நொடி வேலை.

என்றைக்காவது இந்தப் பாட்டையே எடுத்தீர்களானால், நேரம் போதவில்லை என்று யூபி40யின் ஆஸ்ட்ரோ பாடும் ராப் பகுதியை வெட்டிவிடாதீர்கள். 1984ல் அமெரிக்காவில் அதை வெட்டித்தான் சிங்கிள் போட்டார்கள். 34க்கு மேல் ஏறவில்லை. 1988 ஜூனில் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக வெம்ப்ளியில் நடந்த கச்சேரியில் யூபி40 அதைப் பாடினார்கள். ஃபீனிக்ஸ் நகரத்து வானொலி நிலையம் ஒன்று ராப்போடு முழுப் பாட்டையும் ஒலிபரப்பத் தொடங்கியது. அக்டோபரில் அமெரிக்காவிலும் முதலிடம், அதுவும் பாட்டு வந்து ஐந்து வருஷம் கழித்து. உங்கள் குழுவில் ராப் பாட ஆள் இருக்கிறதா? இல்லையென்றால் நீயே பழகு, உனக்கு வாய் நன்றாக வரும். வாசித்ததும் எனக்குப் பதிவு செய்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா