முதல் பாதயாத்திரைக்கு மலையா, கடற்கரையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆவணி பிறந்துவிட்டால் காட்பாடி பக்கம் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும், இந்த வருடம் வேளாங்கண்ணிக்கா திருப்பதிக்கா என்று. முதல் தடவை நடக்கிறவர்கள் பலரும் ‘மலையெல்லாம் ஏற முடியாதுங்க, கடற்கரை ரோடு சமதரை, அதனால் மாதா கோயிலுக்கே போகிறோம்’ என்கிறார்கள். வேண்டுதல் இருந்தால் சரி, அதில் நான் பேச ஒன்றுமில்லை. சுலபம் என்று நினைத்துப் போவதாக இருந்தால் வேண்டாம். இரண்டும் நடந்தவன் சொல்கிறேன்.

சித்தூர், காணிப்பாக்கம், சந்திரகிரி வழியாகத் திருமலை நூறு கிலோமீட்டர் சொச்சம், மூன்று நாள் நடை. வேளாங்கண்ணி அப்படியா? திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகை என்று 300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் பத்து நாள் முன்னாலேயே கிளம்ப வேண்டும். சமதரையில் பத்து நாளும் பாதத்தின் அதே இடம்தான் அழுந்துகிறது, கீழே தார் கொதிக்கிறது. கடலூர் தாண்டினால் உப்புக் காற்றில் வியர்வை காயவே காயாது. நான் ராணிப்பேட்டையில் ஷூ தைக்கிற வேலையில் இருக்கிறேன், ஊறின தோல் எவ்வளவு சீக்கிரம் இளகும் என்று தினமும் பார்க்கிறவன். கூட வந்த நண்பர் முந்தின வாரம் வாங்கிய புது ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தார். சிதம்பரத்தில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினார், குதிகால் தோல் அதோடு சேர்ந்து உரிந்து வந்தது. ஒரு சத்தம் போடவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர். மிச்ச தூரம் பஸ்ஸில்தான் போனார், அந்த வருத்தம் இன்றும் அவருக்கு இருக்கிறது.

மலையில் கஷ்டம் கடைசியில்தான். திருமலைக்கு நடந்து ஏற இரண்டு படிவழி, ஸ்ரீவாரி மெட்டு 2,388 படி, அலிபிரி 3,550 படி. அலிபிரி வழியில் மோகாள மெட்டு என்று ஒரு ஏற்றம் உண்டு, தெலுங்கில் மோகாலு என்றால் முழங்கால், பேர் சும்மா வைக்கவில்லை. ஆனால் மூச்சு வாங்கினால் அந்தப் படியிலேயே உட்காரலாம், பின்னால் லாரி வராது. படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே குனிந்து குனிந்து ஏறுகிற அம்மாக்களைப் பார்த்தால் நமக்கும் கால் தானாக எழும்பும். முட்டி வலி உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள், இறங்குவது எப்படியும் பஸ்ஸில் இறங்கிவிடலாம். குழந்தைகளோடு வருகிறவர்கள் காலையிலேயே ஏறி முடித்துவிடுங்கள், 2023 ஆகஸ்டில் அலிபிரி பாதையில் ஒரு சின்னப் பெண்ணைச் சிறுத்தை கொன்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

அதனால் முதல் தடவைக்கு என் ஓட்டு மலைக்குத்தான். திருப்பதி நடந்து கால் பழகட்டும், அப்புறம் அடுத்த வருடம் கடற்கரை.

எங்கே போனாலும் ஆபத்து ராத்திரி ரோட்டில்தான். வெயிலுக்குப் பயந்து எல்லோரும் விடியற்காலை மூன்று மணிக்கே நடக்கிறோம், லாரிக்காரர் கண்ணுக்கு நாம் தெரிவதே இல்லை. முதுகுப் பையில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், எதிரே வண்டி வருவது தெரிகிற மாதிரி வலது ஓரமாக நடங்கள். சித்தூர் ரோட்டிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமாவது ‘பாதயாத்திரை வழி, மெதுவாகச் செல்லவும்’ என்று போர்டு வைக்க நெடுஞ்சாலைத் துறையும் காவல் துறையும் ஏற்பாடு செய்ய வேண்டும். இதைத் தங்கள் பத்திரிகையில் கொஞ்சம் பெரிதாகவே போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி