பிரதூனாம் துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பயணப் பக்கத்தில் பாங்காக் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மிதக்கும் சந்தை, பிரதூனாம் கடைத்தெருவில் துணி, இரவு இந்திய உணவகத்தில் சாப்பாடு என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். நானும் என் கணவரும் குழுப் பயணமாகப் போயிருந்தபோது எங்களுக்குக் காட்டியதும் இவ்வளவுதான். கடைசி நாளை எங்கள் விருப்பத்துக்கு விட்டிருக்காவிட்டால் நானும் இதையேதான் ஊரில் வந்து சொல்லியிருப்பேன். அந்த ஒரு நாளில் பார்த்ததை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

மிதக்கும் சந்தையை நான் குறைத்துப் பேசவில்லை. அது நடக்கும் டம்னோன் சடுவாக் வாய்க்கால் தாய்லாந்தின் நான்காம் ராமா மன்னர் காலத்தில், 1860களில், இரண்டு ஆறுகளை இணைக்க வெட்டப்பட்டது. ஆனால் அது பாங்காக்கிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். விடியுமுன் எழுப்பி பஸ்ஸில் ஏற்றினார்கள். அங்கே போனால் படகில் எங்களைப் போன்ற பயணிகள், கரையில் எங்களுக்கான கடைகள். ஊர்க்காரர்கள் காய்கறி வாங்கிப்போன சந்தை அது என்பதை மனத்தில் கற்பனை செய்துகொள்ளத்தான் வேண்டும். ஊர்க்காரர்கள் இன்றைக்கும் தினமும் ஏறி இறங்குகிற வாய்க்காலோ, நாங்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் பின்னால் ஐந்து நிமிட நடையில் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நாளும் யாரும் அதைச் சொல்லவில்லை.

அதன் பெயர் சேன் சேப். கம்போடியாவுக்காக வியட்நாமோடு போர் நடந்த காலத்தில், படையையும் தளவாடத்தையும் கிழக்கே கொண்டுசெல்ல மூன்றாம் ராமா மன்னர் 1837இல் வெட்டத் தொடங்கி 1840இல் முடித்தது. 'சேன்' என்றால் லட்சம், 'சேப்' என்றால் கடுப்பு. கொசுக்கடியால் வந்த பெயர் என்று சொல்வதுண்டு. நம்மவர்கள் மூட்டை மூட்டையாகத் துணி வாங்கும் பிரதூனாமின் பெயருக்கே 'நீர்க்கதவு' என்றுதான் பொருள். நம் பக்கத்தில் மதகு என்போம். எத்தனையோ பேர் அங்கே போய்வருகிறார்கள், அந்த மதகுக்குரிய தண்ணீரை எட்டிப் பார்த்திருப்பவர்கள் எத்தனை பேர்? வாய்க்காலும் மதகுமாக வளர்ந்த கும்பகோணத்துக்காரி நான். எனக்கு அது தாங்கவில்லை.

1990 முதல் இதில் விரைவுப் படகுகள் ஓடுகின்றன. பொன்மலைக் கோயிலுக்கு அருகே பான்ஃபா துறையில் ஏறினோம். அப்போது டிக்கெட் 20 பாத்துக்கும் (பாத் தாய்லாந்து நாணயம்) குறைவு. படகு துறையில் நிற்பது சில நொடிதான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சட்டென்று உள்ளே காலை வைக்கவேண்டும். முழங்கால் வலிக்காரரான என் கணவரை, அலுவலகத்துக்குப் போகும் ஒரு பெண் தன் கைப்பையைத் தோளுக்குத் தள்ளிவிட்டுக் கைகொடுத்து இறக்கினாள். தலைக்கவசம் போட்ட நடத்துநர் படகின் வெளிவிளிம்பில் நடந்தபடியே டிக்கெட் கிழிக்கிறார். எதிரே இன்னொரு படகு வந்தால், ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் கயிற்றை இழுக்கிறார். பிளாஸ்டிக் படுதா மேலேறி, தெறிக்கும் நீரை மறிக்கிறது. தாழ்வான பாலம் வந்தால் படகின் கூரையே கீழிறங்குகிறது, எல்லோரும் பேசிக்கொண்டே தலையைக் குனிந்துகொள்கிறார்கள். தண்ணீர் கறுப்பு, நாற்றமும் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் வீட்டுப் பின்வாசல்கள், காயும் துணி, தொட்டிச் செடிகள், கோயில் படித்துறை என்று ஒரு நகரம் தன் வீட்டுக்குள்ளிருந்து நம்மைப் பார்க்கிறது. சாலையில் போனால் இது கிடைக்காது.

நடுவழியில் பான் க்ருவா என்ற பகுதி வரும். முதலாம் ராமா காலத்தில் குடியேறிய சாம் இன முஸ்லிம்களின் வாரிசுகள் வாழும் இடம். பட்டு நெசவு அவர்கள் தொழில். தாய்லாந்துப் பட்டை வெளியுலகுக்குக் கொண்டுபோன அமெரிக்கர் ஜிம் தாம்சன் இவர்களிடம்தான் நெய்து வாங்கினார். அவர் வீடு எதிர்க்கரையில் அருங்காட்சியகமாக இருக்கிறது. எல்லோரும் அந்த வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தறிச் சத்தம் இந்தக் கரையில்தான் கேட்கிறது.

இனி சாப்பாடு. பிரதூனாம் துறைக்கு அருகே ஒரு வண்டிக்கடை முன் அப்படியே நின்றுவிட்டேன். குழிக் குழியாக இரும்புச் சட்டி, அதில் ஓர் அம்மாள் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். நம் பணியாரச் சட்டியேதான்! அங்கே கனோம் க்ரோக் என்கிறார்கள். முதலில் அரிசிமாவுக் கரைசல், அது ஓரம் முறுகும்போது மேலே உப்பும் சர்க்கரையும் சேர்த்த கெட்டித் தேங்காய்ப்பால், பிறகு கொஞ்சம் சோளமோ வெங்காயத்தாளோ. மூடித் திறந்ததும் கரண்டியால் இரண்டை எடுத்து முகத்தோடு முகம் ஒட்டவைத்து இலைத் தொன்னையில் போட்டார். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பாயசம் மாதிரி நெகிழ்வு. மொழி தெரியாத அந்த அம்மாளிடம் எங்கள் ஊர்ப் பணியாரத்தைக் கைசாடையால் விளக்க முயன்றேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டைத் தொன்னையில் வைத்தார், காசு வாங்கவில்லை.

நான் சைவம். வெளிநாட்டில் தெருக்கடை என்றாலே நம் பெண்கள் பயப்படுவது எனக்குத் தெரியும், ஏனென்றால் மீன்சாறு எதில் கலந்திருக்கிறது என்று சொல்லமுடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. மஞ்சள் நிறப் பின்னணியில், பார்க்க 17 என்ற எண்ணைப் போலிருக்கும் சிவப்பு எழுத்துத் தெரிந்தால் அது 'ஜே' உணவு: இறைச்சி, மீன்சாறு, முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாட்கள் நகரம் முழுக்க இந்தக் கொடிதான். இந்த ஒரு தகவலை எங்கள் பயண நிறுவனம் சொல்லியிருந்தால் நான்கு நாளும் ஹோட்டல் அறையில் புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்திருக்கமாட்டேன்.

அசைவம் சாப்பிடும் என் கணவர் 'விக்டரி மான்யுமென்ட்' என்ற வெற்றிச் சின்னத்துக்கு அருகே வாய்க்கால் ஓரத்தில் 'படகு நூடுல்ஸ்' சாப்பிட்டார். இரத்தம் சேர்த்துக் கெட்டியாக்கிய கரிய சாறு, உள்ளங்கையளவு கிண்ணம். ஏன் இத்தனை சிறிய கிண்ணம் என்று கேட்டோம். அந்தக் காலத்தில் ஒரே ஆள் துடுப்பும் போட்டு, அடுப்பும் பார்த்து, ஆடும் படகிலிருந்து கிண்ணத்தை நீட்டவேண்டும். பெரிய கிண்ணமானால் சிந்திவிடும் என்றார்கள். பல வாய்க்கால்கள் தூர்ந்து சாலையானபோது படகுக்காரர்கள் கரையேறினார்கள், கிண்ணம் மட்டும் மாறவில்லை. காலிக் கிண்ணங்களை மேசைமேல் கோபுரமாக அடுக்கி, எண்ணித்தான் காசு வாங்குகிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் நிற்கிற சீலோம் சாலையிலும் ஒருகாலத்தில் வாய்க்கால் ஓடியது. சாலையை அகலப்படுத்த அதை மூடிவிட்டார்கள். நடைபாதைக் கடைகளுக்கும் நிம்மதியில்லை. 2017இல் அவற்றை முக்கியச் சாலைகளிலிருந்து அகற்றப்போவதாக மாநகராட்சி அறிவித்தது பெரிய செய்தியானது. அதனால்தான், இருக்கும்போதே போய்ப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பாங்காக் பற்றி அடுத்த முறை எழுதும்போது பான்ஃபா துறையின் பெயரையும் அந்த மஞ்சள் கொடியையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். குழுப் பயணம் நடத்துகிறவர்கள் உங்கள் பக்கத்தைப் படிக்கிறார்கள். கடைசி நாளில் மட்டுமல்ல, முதல் நாளிலேயே ஒரு பிற்பகலைப் பயணிகளின் கையில் கொடுக்க அவர்களுக்கும் எடுத்துச்சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்