சத்தத்தைக் குறைத்தால் படம் போச்சு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், முகமூடி போட்ட கொலைகாரன் ஒருவன் லாரி என்ற பள்ளி மாணவியையும் அவள் தோழிகளையும் துரத்தும் 'ஹாலோவீன்' (1978) என்ற அமெரிக்கத் திகில் படம் பற்றி வாசகர்கள் எழுதியிருந்த கருத்துகளைப் படித்தேன். நான்கு பேரில் மூன்று பேர் படத்தைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். "ரத்தமே இல்லை, இதெல்லாம் ஒரு ஸ்லாஷர் படமா?" என்கிறார் ஒருவர். (கத்தியோடு ஒருவன் வரிசையாகக் கொன்று தள்ளும் ரகம்தான் ஸ்லாஷர்.) "பாதிப் படம் வரைக்கும் மூன்று பெண்கள் தெருவில் பேசிக்கொண்டே நடக்கிறார்கள்" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், அமெரிக்காவின் குளிர்ப் பகுதியான இல்லினாய் மாநிலத்தில் நடக்கிற கதையில் பாம் மரம் எப்படி வந்தது என்று கேட்டு, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி சந்தோஷப்பட்டிருக்கிறார். நான்காவதாக ஒரு சகோதரி எழுதியது வேறு ரகம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பாம் மரம் இருக்கிறது, மறுக்கவில்லை. படம் எடுத்தது கலிஃபோர்னியாவில், 1978 வசந்த காலத்தில். கதையோ ஹாலோவீன் பண்டிகை நாளான அக்டோபர் 31 அன்று, இலையுதிர் காலத்தில் நடக்கிறது. தரையெல்லாம் பழுத்த இலை கிடக்க வேண்டும், ஆனால் நிமிர்ந்து பார்த்தால் மரமெல்லாம் பச்சைப் பசேல். அதனால் இலைகளுக்கு வர்ணம் அடித்துத் தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் கூட்டி அள்ளி மூட்டை கட்டி, அடுத்த தெருவில் மறுபடி கொட்டியிருக்கிறார்கள். கையில் இருந்தது சுமார் 3,25,000 டாலர், படப்பிடிப்பு சுமார் இருபது நாள். கொலைகாரனின் முகமூடி கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கியது. 'ஸ்டார் ட்ரெக்' டிவி தொடரில் வரும் கேப்டன் கிர்க்கின் முகம் அது. வெள்ளை வர்ணம் அடித்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, தலைமுடியைக் கலைத்துவிட்டார்கள், முடிந்தது வேலை. மூவரில் ஒருவர் "முகமூடிகூட மலிவாகத் தெரிகிறது" என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். மலிவுதான் ஐயா. அந்த மலிவு முகத்தில் கோபம், சிரிப்பு, வெறி எதுவுமே இல்லாததால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

என் விஷயத்துக்கு வருகிறேன். எண்பதுகளின் கடைசியில், சித்தப்பா வீட்டில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து ஒரே ராத்திரியில் மூன்று படம் பார்ப்போம். இரண்டு தமிழ்ப் படம் முடிந்து, நடுநிசிக்கு மேல் கடைசிக் கேசட்டாக இதைப் போட்டோம். பக்கத்து அறையில் பாட்டி தூங்கிக்கொண்டிருந்ததால் டிவி சத்தத்தைக் கிட்டத்தட்ட முழுக்கக் குறைத்துவிட்டோம். அரை மணி நேரம் ஒரே கேலி. "இவன் ஏன்டா சும்மா சும்மா வேலி ஓரமாவே நிக்கிறான், வேலை வெட்டி இல்லையா?" என்று தம்பி கேட்க, எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அப்போது பாட்டி எழுந்து வந்து, "எனக்குத் தூக்கம் வரல, என்னதான் பாக்குறீங்க, சத்தமா வைங்க" என்று உட்கார்ந்துகொண்டார். சத்தம் ஏறியது. அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. காலையில் டெக்கைத் திருப்பி வாங்க வந்த பையன் கதவைத் தட்டியபோது, யார் போய்த் திறப்பது என்று எங்களுக்குள் ஒரு சண்டை.

நான் இருபது வருஷம் மெல்லிசைக் குழுவில் தபேலா வாசித்தவன். அன்று என்னைப் பிடித்துக்கொண்டது அந்தப் பியானோ. இயக்குநர் ஜான் கார்பென்டர் தானே போட்ட மெட்டு. தனியாக இசையமைப்பாளர் வைக்கக் காசில்லாமல் மூன்று நாளில் முடித்தாராம். ஐந்து எண்ணிக்கைத் தாளம். சின்ன வயதில் அவருடைய அப்பா பாங்கோ வாத்தியத்தில் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. நம் கணக்கில் சொன்னால் தகிட தகிட தக தக. தொடையில் தட்டிப் பாருங்கள். நாலு நாலாகப் போகும் சினிமாப் பாட்டுக்குப் பழகிய காது, "சரி, ஒரு சுற்று முடிந்தது" என்று மூச்சு விடப் போகும் இடத்தில் இன்னும் ஒரு எண்ணிக்கை பாக்கி இருக்கும். மூச்சு விட முடியாமலேயே அடுத்த சுற்று தொடங்கிவிடும். திரையில் ஒன்றுமே நடக்காத காலியான தெருவுக்கு அதைப் போட்டால், அந்தத் தெருவிலேயே ஏதோ தப்பு இருக்கிற மாதிரி தோன்றும்.

கார்பென்டரே சொன்ன ஒரு சம்பவம் உண்டு. இசையும் ஒலியும் சேர்க்காத பிரதியை ஒரு பெரிய ஸ்டுடியோவின் இளம் பெண் அதிகாரிக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அவருக்குத் துளிகூடப் பயம் வரவில்லை. இசை சேர்ந்த பிறகு பார்த்தபோது அதே படம் அவருக்குப் பிடித்துவிட்டது. பாட்டி எழுந்து வந்த அந்த ராத்திரியும் இதே கதைதான். உங்கள் மூன்று வாசகர்களிடமும் கேட்க ஆசையாக இருக்கிறது: எதில் பார்த்தீர்கள்? பஸ்ஸில் செல்போனிலா, ஒரு காதில் மட்டும் இயர்போனை வைத்துக்கொண்டா?

காது மாதிரியே கண்ணுக்கும் ஒரு விஷயம் உண்டு. அவ்வளவு சில்லறைப் பட்ஜெட்டிலும் கார்பென்டரும் ஒளிப்பதிவாளர் டீன் கண்டியும் படத்தை அகலத்திரையில் எடுத்தார்கள். கேசட்டில் நாங்கள் பார்த்தபோது டிவிக்காக இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டிருந்தது. பல வருஷம் கழித்து முழு அகலத்தில் பார்த்தபோதுதான், ஓரத்தை எதற்கு அப்படிக் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. கதாநாயகி லாரி ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நடைபாதையில் தூரப் போகிறாள். திரையின் ஓரத்தில் ஒரு தோள் மட்டும் வந்து நிற்கிறது. முகம் கிடையாது, மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம் நடுப் பகலில், கொல்லைப்புறத்துக் கொடியில் காயப்போட்ட விரிப்புகளுக்கு நடுவே அந்த முகமூடிக்காரன் நிற்பான். அவள் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். அடுத்த நொடி துணி மட்டும் ஆடும். கடைசிப் பகுதியில் லாரி கதவோரம் சாய்ந்து அழும்போது, பின்னால் இருட்டு வாசலில் அந்த வெள்ளை முகம் மெதுவாகத் தெரியத் தொடங்குகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இருட்டு பழகிய கண்ணுக்கு, கல்யாண மண்டபத்து ஸ்டோர் ரூமில் ஆள் நிற்பது எப்படித் தாமதமாகத் தெரியுமோ அப்படி.

ரத்தம் இல்லை என்பது நிஜம், மிகவும் குறைவு. ஊற்றியிருந்தால் மூன்றாவது ரவுண்டில் பழகிப்போயிருக்கும். பெண்கள் பேசிக்கொண்டே நடப்பது இழுவை என்பதையும் ஓரளவு ஒத்துக்கொள்கிறேன், போனில் பேசும் காட்சிகளில் எனக்கும் கொட்டாவி வந்தது. அந்தப் பெண்களின் வசனத்தைப் பெரும்பாலும் எழுதியவர் படத்தின் தயாரிப்பாளரும் இணை எழுத்தாளருமான டெப்ரா ஹில். கொலைகாரன் சிறுவனாக வரும் முதல் காட்சியில், கத்தி எடுக்கும் அந்தக் கையும் அவருடையதுதானாம்!

இனி அந்தச் சகோதரியின் கடிதம். காதலனோடு இருக்கும் பெண்கள் சாகிறார்கள், அடக்கமான பெண் பிழைக்கிறாள், இது நம்மூர் பஞ்சாயத்துப் புத்தி இல்லையா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கோபம், அமெரிக்காவிலும் பல வருஷமாகக் கேட்கிற கேள்விதான். பின்னால் வந்த நகல் படங்களைப் பற்றிச் சொன்னால் நானும் அவர் பக்கம். ஆனால் இந்தப் படத்து லாரி அவ்வளவு அடக்கமான பெண்ணும் இல்லை. தோழியோடு காரில் போகும்போது கஞ்சா இழுத்து இருமுகிறாள். அவள் பிழைப்பதற்கு எனக்குத் தெரியும் காரணம் வேறு. படம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். வகுப்பு ஜன்னலில் பார்க்கிறாள், வேலியோரம் பார்க்கிறாள், துணிக்கொடியில் பார்க்கிறாள். "யாரோ நிற்கிறார்கள்" என்று அவள் சொன்னால் தோழி கிண்டல் செய்கிறாள். ராத்திரி பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரிந்த விஷயம் என்று என் மகள் சொல்கிறாள். சகோதரி இதற்கு மறுப்பு எழுதினால் ஆவலாகப் படிப்பேன்.

படம் வந்த காலத்திலும் கருத்து இரண்டாகத்தான் பிரிந்தது. பாலின் கேல் என்ற பெரிய விமர்சகர், சினிமாவைத் தவிர வாழ்க்கையே தெரியாத ஆள் எடுத்த படம் என்கிற தொனியில் ஒதுக்கித் தள்ளினார். இன்னொரு விமர்சகரான ரோஜர் ஈபர்ட்டோ ஹிட்ச்காக்கின் திகில் படமான 'சைக்கோ'வோடு ஒப்பிட்டு நான்கு நட்சத்திரம் கொடுத்தார். அந்த 'சைக்கோ'வில் குளியலறையில் செத்துப்போன ஜேனட் லீயின் மகள் ஜேமி லீ கர்டிஸ்தான் இங்கே லாரி. சம்பளம் 8,000 டாலர். படம் அமெரிக்காவில் மட்டும் 4 கோடி 70 லட்சம் டாலர் வசூலித்தது. அதனால் உங்கள் வாசகர்கள் திட்டியதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, கேலும் திட்டினார்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வாசகர் கருத்துப் பகுதியில் பெயர், ஊர் போடுகிற இடத்தில், எதில் பார்த்தார், சத்தம் எவ்வளவு வைத்துப் பார்த்தார் என்றும் ஒரு வரி கேட்டுப் போடுங்கள். என்னுடையதை நானே எழுதிவிடுகிறேன்: முதல் தடவை 21 அங்குல டிவி, பாட்டி வரும்வரை சத்தம் குறைவு.

இப்படிக்கு,
பழைய தபேலாக்காரன்,
திண்டுக்கல்